சாரல் என்ற சொல்லை அடித்தவன்

சங்கரா,

ஒன்பது நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் இதுவரை எழுதியதிலேயே நீளமான காகிதம் கடை ஏலத்துக்கான விண்ணப்பம்தான். அதுவும் இன்னொருவர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதியது. இதை யாரையும் கேட்காமல் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "போனையே எடுக்க மாட்டங்கான், இத்தனை பக்கத்தையா படிக்கப் போறான்" என்கிறாள். படிப்பான் என்றேன். "உங்க புள்ளைல்லா. எதைக் கொடுத்தாலும் எங்கன கையெழுத்துப் போடணும்னு மட்டும் பார்ப்பான்" என்றாள். அதனால் கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை நம் பேரூராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் வருகிறது. அருவிக்குப் போகிற வழியில் வாகன நிறுத்துமிடத்தில் நிற்கிற ஆம்புலன்ஸை, அது எந்த ஊருக்காக வாங்கப்பட்டதோ அந்தப் பாறைக்குடியிருப்புக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்ற தீர்மானம். பதினைந்து உறுப்பினர்களில் ஏழு பேர் அனுப்ப வேண்டும் என்கிறார்கள், ஏழு பேர் கூடாது என்கிறார்கள். மிச்சம் இருப்பது நீ. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன். வியாழக்கிழமை காலையில் மதுரையில் எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நீங்கள் கூட்டத்தைத் தொடங்கும்போது எனக்கு நினைவு திரும்பியிருக்குமா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை. ஆகவே இப்போதே கேட்கிறேன். அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கு, ஐயா. ஒரு சொல்லையும் மாற்றாமல், ஒரு சொல்லையும் சேர்க்காமல் தூக்கு.

பாறைக்குடியிருப்பு உனக்குத் தெரியாத ஊர் இல்லை. நம் சிப்ஸ் கொட்டகையில் காய் சீவுகிற பெண்களில் பாதிப்பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள். மலையடிவாரம். மினிபஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. துணை சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸம்மா. அந்த ஊருக்கென்று தொகுதி நிதியில் ஒரு ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுத்து, பேரூராட்சி வைத்துப் பராமரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது நான் கவுன்சிலர். வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லோரும் நின்று எடுத்த போட்டோவில் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். ஆறு மாதம்கூட ஆகவில்லை. வியாபாரிகள் சங்கத்தில் பேச்சு கிளம்பியது. அருவியில் இவ்வளவு கூட்டம் குளிக்கிறது, ஒருத்தன் வழுக்கி விழுந்தால் தூக்கிக்கொண்டு போக வண்டி இல்லை, அப்படி ஒரு கெட்ட பெயர் வந்தால் கூட்டம் அப்படியே வேறு அருவிப் பக்கம் திரும்பிவிடும், ஆனால் ஆள் குறைந்த ஒரு மலையடிவாரத்தில் புத்தம்புது வண்டி சும்மா நிற்கிறது என்று. பேசியவர்களில் அதிகம் பேசியவன் நான்தான்.

அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவனும் நான். கிளார்க் எழுதி வைத்திருந்த வரைவில், "சாரல் சீசன் காலங்களில் பொதுமக்கள் நலன் கருதி மேற்படி வாகனத்தை அருவி வாகன நிறுத்துமிடத்தில் நிறுத்தி வைக்கலாம்" என்று இருந்தது. கூட்டம் கூடுவதற்கு முன்னால் அவர் மேஜைக்குப் போனேன். அவர் பேனாவையே வாங்கி 'சாரல்' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டேன். "எதுக்கு அண்ணாச்சி?" என்றார். "சீசன்னாலே சாரல்தானவே, ஒண்ணையே எதுக்கு ரெண்டு தடவை எழுதணும்" என்றேன். அவரும் சரியென்று தலையாட்டிவிட்டார்.

உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், கிளார்க்குக்கும் உள்ளூரத் தெரிந்திருக்கும். நம் பக்கத்தில் சீசன் என்றால் ஆனி ஆடி ஆவணியோடு முடிகிற ஒன்று இல்லை. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சீசன், தை பிறக்கிற வரைக்கும். அதன் பிறகு பொங்கல் கூட்டம், அதன் பிறகு பரீட்சை லீவுக் கூட்டம். தண்ணீர் இருந்தால் அதுவும் சீசன், தண்ணீர் இல்லாவிட்டாலும் கூட்டம் வந்தால் அதுவும் சீசன். கூட்டத்தில் பன்னிரண்டாம் வார்டு லட்சுமி, பாறைக்குடியிருப்புக்காரி, எழுந்து நின்று, "எந்த சீசன்னு எழுதலையே அண்ணாச்சி" என்று கேட்டாள். நான் விடவில்லை. "ஏளா, குத்தாலத்துச் சாரல்ல நனைஞ்சுக்கிட்டு எந்த சீசன்னு கேக்கியே, உன்னிய எவன் கவுன்சிலர் ஆக்குனான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரித்தார், தேநீர் கொண்டுவந்த பெண்ணும் சிரித்தாள். லட்சுமியும் என்ன செய்வாள், சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். ஏகமனதாக நிறைவேறியது என்று புத்தகத்தில் ஏறியது. அதன் கீழே அவள் கையெழுத்தும் இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் கடையில் உன்னிடம், "ஒத்தச் சொல்லைத் தூக்குனேன், வருசம் பூரா வண்டி நம்ம வாசல்ல நிக்கப் போகுது பாரு" என்று சொல்லிப் பெருமைப்பட்டேன். நீயும் சிரித்தாய். தொழில் கற்றுக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் உனக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டில் மழை பொய்த்த வருஷம் நான் கிளம்பி வந்தவன். அருவிக்கரையில் குளிக்கிறவர்களுக்குத் துண்டும் எண்ணெய்ப் பாக்கெட்டும் விற்றுத்தான் தொடங்கினேன் என்பதை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். நூறு தடவையும் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பேச்சை இறுக்கமாகப் பேசக்கூடாது, எங்கேயாவது ஒரு சந்து விட்டு வைக்க வேண்டும், பின்னால் நமக்கு வசதியான பக்கம் அதைத் திருப்பிக்கொள்ளலாம் என்பதுதான் நான் முன்னுக்கு வந்த வழி. வாழைத்தாரைப் பேசும்போது அது சாமர்த்தியமாக இருந்தது. அதே கையோடு ஆம்புலன்ஸையும் பேசிவிட்டேன்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. உன் அம்மாவுக்கும் போன வாரம்தான் சொன்னேன்.

இரண்டு மார்கழிக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கடை வாசலில் கறுப்பு வேட்டியும் நீல வேட்டியுமாக சாமிமார் கூட்டம். ரோட்டில் வேனுக்குப் பின்னால் வேன் நின்றது. நம் கொட்டகையில் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்த செல்வி பிரசவத்துக்காக வேலையை விட்டு நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் புருஷன் இசக்கி மொபெட்டை அப்படியே சாய்த்துவிட்டு ஆம்புலன்ஸ் டிரைவரிடம் ஓடினான். கல்லாவில் இருந்த எனக்கு அவர்கள் பேசியது அவ்வளவும் கேட்டது.

"அண்ணே, பனிக்குடம் ஒடைஞ்சு போச்சு. நர்ஸம்மா ஒடனே தென்காசிக்குக் கொண்டுபோகச் சொல்லுதாவ. வண்டிய எடுங்க."

"சீசன் டூட்டிடே. ஆபீஸ்ல கேக்காம இங்கன இருந்து நகட்ட முடியாது."

"லீவு நாளுண்ணே, ஆபீஸ்ல ஒருத்தரும் எடுக்கல. நூத்தியெட்டு வேற கேசுக்குப் போயிருக்கு. எங்க ஊருக்குன்னு வாங்குன வண்டிண்ணே இது."

டிரைவர் கெட்டவர் இல்லை. திரும்பி என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுத்துருதேன்" என்றார்.

நான் சொல்லவில்லை. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் ஒரு சாமி படிக்கட்டில் விழுந்து காலை முறித்திருந்தார், அதை யாரோ படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். வண்டியை அனுப்பிய நேரத்தில் இங்கே ஏதாவது ஆனால் சங்கம் என்னைத்தான் பிடிக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். "பக்கந்தானே தம்பி, ஆட்டோவுல போயிருங்க, நானே ஒரு ஆட்டோவை அனுப்பி வைக்கேன்" என்றேன். அனுப்பியும் வைத்தேன். ஒரு உதவி செய்த நிம்மதியோடு வந்து கல்லாவில் உட்கார்ந்தேன், சங்கரா. அந்த ஆட்டோ பாறைக்குடியிருப்புக்குப் போய் செல்வியை ஏற்றிக்கொண்டு, தென்காசிக்கு வேறு ரோடு இல்லாததால், நம் கடை வழியாகத்தான் திரும்பி வந்தது. வேன்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. ஆட்டோவுக்கு யார் வழி விடுவார்கள்? கடையில் இருந்தே பார்த்தேன். உள்ளே இருந்து ஒரு கை மட்டும் கம்பியைப் பிடித்திருந்தது தெரிந்தது. ஐம்பதடி தள்ளி ஆம்புலன்ஸ் நின்றது. ஆட்டோ நம் வாசலைத் தாண்டிப் போக எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் பூராவும் நான் யாருக்கோ மிக்சர் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். செல்வி பிழைத்தாள். பிழைக்காத குழந்தை ஆண். அன்றைக்கு முழுநாளும் அந்த ஆம்புலன்ஸில் ஒருவரும் ஏறவில்லை.

இசக்கி மேலே மனு போட்டான். விளக்கம் கேட்டு வந்தபோது பேரூராட்சி எழுதிய பதில் உனக்கும் தெரியும்: மன்றத் தீர்மானத்தின்படியே வாகனம் அங்கே நிறுத்தப்பட்டிருந்தது, விதிமீறல் ஏதும் இல்லை. விதிமீறல் இல்லைதான். விதியே நான் போட்டதுதானே. சம்பவ இடத்தில் இருந்த கவுன்சிலர் என்று இசக்கி மனுவில் சொல்லியிருந்ததால் என்னிடமும் எழுதி வாங்கினார்கள். அந்தக் கடிதத்தை நீதான் டைப் செய்து கொண்டுவந்தாய். அன்று நான் காய் கொள்முதலுக்காகச் செங்கோட்டை போயிருந்தேன் என்று அதில் இருக்கிறது. நான் சொன்னேன், நீ நம்பி எழுதினாய். நான் செங்கோட்டை போகவில்லை. கல்லாவில் இருந்தேன். பொய்க்கு உன் கையைப் பயன்படுத்திக்கொண்டதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இந்த ஆடியில் எனக்கு நெஞ்சுவலி வந்தது உனக்குத் தெரியும். கடையிலேயே சரிந்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் தென்காசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் உன்னிடம் சொன்னார், நீ சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாய் என்று உன் அம்மா சொன்னாள். மறுநாள் டிரைவர் என்னைப் பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, நல்ல எண்ணத்தில்தான், "அண்ணாச்சி, நீங்க விழுந்த வேகத்துல யார்கிட்டயும் கேக்காம வண்டிய எடுத்துட்டேன். ஆபீஸ்ல அப்புறமாத்தான் சொன்னேன்" என்றார். நல்லது தம்பி என்றேன். அவர் போன பிறகு போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன். ஆபீஸ், அனுமதி, சீசன் டூட்டி, எதுவும் எனக்கு இல்லை. யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடிய வண்டிதான் அது, அன்றைக்கும்.

நான் வீடு திரும்பிய பிறகு ஒருநாள் சங்கத் தலைவர் ஆப்பிளும் ஆரஞ்சுமாக வந்தார். லட்சுமி தீர்மானம் கொண்டுவரப் போகிற செய்தி அதற்குள் பரவியிருந்தது. "உங்க உசுரக் காப்பாத்துனதே அங்கன நின்ன வண்டிதான் அண்ணாச்சி. இப்ப நீங்களே அதை அனுப்பச் சொல்லுதியளாமே. நெஞ்சுவலி மூளைக்கும் ஏறிட்டோன்னு பேசிக்கிடுதாங்க" என்று சிரித்தார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதை நான் மறைக்க மாட்டேன். வண்டி பாறைக்குடியிருப்பில் நின்றிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இல்லை. ஆனால் அந்தக் குழந்தை இருந்திருக்கும். எது நியாயம் என்று எடை போட எனக்குத் தெரியவில்லை. யாருக்கென்று வாங்கினோமோ அவர்களிடம் கேட்காமலேயே எடுத்தோம் என்பது மட்டும் தெரிகிறது.

ஒன்பது நாளுக்கு முன்னால் நீயும் நானும் சண்டை போட்டது இதற்குத்தான். "நாளைக்கு அருவியில ஒருத்தன் விழுந்து செத்தா யாருப்பா பதில் சொல்லுதது? அந்த வீடியோ வந்தா யாரு முகத்தைக் காட்டுதது?" என்று கேட்டாய். சரியான கேள்வி. அன்றைக்குக் கோபத்தில் நான் கத்தினேனே ஒழிய பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நம் சிப்ஸ் வேனைக் கொடுத்துவிடலாம். செங்கோட்டைப் பட்டறையில் பேசிவிட்டேன். பின்பக்கத்தைப் பிரித்து ஸ்ட்ரெச்சரும் ஆக்ஸிஜனும் வைக்க முடியும் என்கிறார்கள். மற்றச் சான்றிதழ்களுக்கு அலைய வேண்டும், நீ அலைவாய். டிரைவர் சம்பளத்தைச் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும். கூட்டத்தால் பிழைக்கிறவர்கள் நாம்தானே, கூட்டத்துக்கு வண்டி வைப்பதும் நம் பாடு. கடைக்குச் சரக்கு எப்படிப் போகும் என்று கேட்பாய். நான் தலையில் சுமந்து விற்றவன். வாடகை வண்டி பிடி.

மறுநாள் நீ இன்னொன்று சொல்லி அனுப்பினாய். அதைப் பற்றித்தான் எனக்குப் பயம். தீர்மானத்தை எதிர்க்க மாட்டாய், ஆனால் திருத்தம் கொடுப்பாய் என்று. அந்தத் திருத்தத்தை லட்சுமி என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். அவள் எழுதியிருந்தது: "மருத்துவ உதவி கிடைப்பது ஒவ்வொருவரின் மனித உரிமை என்பதை இம்மன்றம் ஏற்று, மேற்படி வாகனத்தை ஆண்டு முழுவதும் பாறைக்குடியிருப்புத் துணை சுகாதார நிலையத்தில் நிறுத்தத் தீர்மானிக்கிறது." நீ எழுதியிருந்தது: "மனிதாபிமான அடிப்படையில், மேற்படி வாகனத்தை இயன்றவரை பாறைக்குடியிருப்பில் நிறுத்த ஆவன செய்யப்படும்." லட்சுமி அதை என் முன்னால் வைத்துவிட்டு, "இயன்றவரைன்னா எவ்வளவு வரை அண்ணாச்சி?" என்று கேட்டாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. நான் ஒரு சொல்லை எடுத்தேன், நீ ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறாய். வேறு வித்தியாசம் இல்லை. அந்த 'இயன்றவரை' என்னைப் போலவே மூக்கும் முழியுமாக இருந்தது.

"மனித உரிமைன்னு எழுதினா நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போவான்பா. அதெல்லாம் மேல சட்டசபையில தீர்மானம் போடட்டும், நாம எதுக்குக் கழுத்தை நீட்டணும்" என்று சண்டை போட்ட அன்றைக்கு நீ சொன்னாய். போகட்டுமே, சங்கரா. கோர்ட்டுக்குப் போகலாம் என்ற பயம் அன்றைக்கு எனக்கு இருந்திருந்தால் டிரைவரிடம் எடு என்று சொல்லியிருப்பேன். மனிதாபிமானம் என்று நீ எழுதியிருக்கிறாயே, அதற்கு உன் கதையையே சொல்கிறேன். உனக்கு ஏழு வயதில் கொட்டகைக்குப் பின்னால் பாம்பு கடித்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்து, வந்த பஸ்ஸின் குறுக்கே நின்றேன். டிரைவர் இறங்கி உன் காலைப் பார்த்தார். உள்ளே இருந்தவர்களிடம், "ஒருத்தரும் எறங்க வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிதான்" என்றார். ஒரு ஸ்டாப்பிலும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளேயே பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினார். அதற்காக அவருக்கு மெமோ கொடுத்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். போய் ஒரு நன்றி சொல்லக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அப்போது சாரல் சீசன். நீ பிழைத்தது அந்த மனிதருடைய மனிதாபிமானத்தால். இசக்கிக்கு அன்றைக்கு வாய்த்தவன் நான். நல்ல டிரைவர் வந்தால் பிழைக்கலாம், என்னைப் போன்றவன் கல்லாவில் இருந்தால் சாகலாம் என்று ஒரு ஊரை விட முடியுமா? லட்சுமி எழுதியிருக்கிற அந்த 'உரிமை' என்ற சொல் அன்றைக்கு இருந்திருந்தால், இசக்கி என்னைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டியதே இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு, புரட்டாசியில், உன் அம்மாவுக்குத் தெரியாமல் மினிபஸ் ஏறி செல்வியைப் பார்க்கப் போனேன். அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வயிறு தெரிந்தது. மார்கழியில் நாள் என்றாள். அதே மார்கழி. உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. அன்றைக்கு நான் கடையில் இருந்ததைச் சொன்னேன். "தெரியும் மொதலாளி. ஆட்டோவுக்குள்ள இருந்து ஒங்களப் பார்த்தேன். மிக்சர் மடிச்சுக்கிட்டு இருந்தீங்க" என்றாள். இரண்டு வருஷமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லையா என்று கேட்டேன். "சொன்னேனே. அவரு செங்கோட்டைக்குப் போயிருந்தாருன்னு பேப்பர் காட்டுனாங்க. பேப்பரு பெருசா, நான் பெருசா" என்றாள். புடைப்பதை நிறுத்தவே இல்லை.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வீடு பிடித்துக் கார்த்திகையிலேயே அவளைக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, கேட்டும் விட்டேன். "எனக்கு வீடு பிடிப்பீங்க. அடுத்த வீட்டு மாரிக்கு? மேலத்தெரு கெழவருக்குத் தேள் கடிச்சா?" என்றாள். வியாபாரி புத்தி எப்போதும் கேட்கிற ஆளை மட்டும் சமாதானப்படுத்தப் பார்க்கிறது.

இன்று காலையில் மறுபடி போனேன். இந்தக் கடிதத்தில் இதற்கு மேலே உள்ள அவ்வளவையும் நகலெடுத்து, கீழே கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தேன். செங்கோட்டைக் கடிதம் பொய் என்பதற்கு இது போதும் என்று சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். பழக்கதோஷம், ஒரு பேரத்தையும் பேசிப் பார்த்தேன். "வெள்ளிக்கிழமை நீ கூட்டத்துக்கு வந்து உட்காரு. எம்பையன் கை தூக்கலைன்னா இதை எல்லார் முன்னாலயும் வாசி. தூக்கிட்டான்னா வாசிக்க வேண்டாம், கிழிச்சுப் போட்டுரு" என்றேன். உன் மானத்தை ஒரு பக்கம் வைத்து, உன் கையை மறுபக்கம் தூக்க வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். உன்னை மிரட்டத்தான் பார்த்தேன். வேறு பெயர் வைத்துச் சொல்ல மாட்டேன்.

அவள் காகிதத்தை எழுத்துக் கூட்டி மெதுவாகக் கடைசி வரை படித்தாள். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அவர் கை தூக்கினாலும் வாசிப்பேன் மொதலாளி, தூக்கலைன்னாலும் வாசிப்பேன். எம்புள்ள எப்படிச் செத்தான்னு அந்தத் தீர்மானப் புத்தகத்துல ஏறணும்லா. அதுக்கும் ஒங்க பையன் கைக்கும் என்ன இருக்கு" என்றாள்.

பேரம் படியவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படிப் படியாமல் நான் திரும்பி வந்தது கிடையாது. ஆகவே சங்கரா, என்னைக் காப்பாற்றுவதற்காக நீ கை தூக்க வேண்டியதில்லை. என் பெயர் எப்படியும் வெள்ளிக்கிழமை போய்விடும். உன் பெயரும் கொஞ்சம் கெடும், சங்கத்தில் பேசுவார்கள், அடுத்த ஏலத்தில் முனைக்கடையை நமக்கு விடாமல் பார்த்துக்கொள்வார்கள். உன்னிடம் காட்டி மிரட்ட என் கையில் ஒன்றும் இல்லை, கொடுக்கவும் ஒன்றும் இல்லை. கெஞ்சத்தான் முடியும். கெஞ்சுகிறேன். கார்த்திகை ஒன்றாம் தேதிக்குள் அந்த வண்டி மேலே போய்விட வேண்டும். அவள் அங்கே உட்கார்ந்திருப்பாள், எட்டு மாத வயிற்றோடு. 'இயன்றவரை'யை அடித்துவிட்டு, அவள் பக்கம் ஒரு தடவை பார்த்துக் கை தூக்கு.

வியாழக்கிழமை கத்திக்குப் போகிற
உன் அப்பா